பங்கோரில் இல்லாத மீன்

காலை ஏழு இருபது. மலேசியாவின் ஈப்போ நகரில், எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் என் மேசைமேல் முதலில் கண்ணில் பட்டது ஒரு பால்மாவு டின். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு மீன். டின்னுக்குப் பின்னால் நின்ற பெண், ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, கமுந்திங் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். எண்பதுகளின் தொடக்கம் அது. மீன்பிடிப் படகில் போன அவருடைய தம்பி கடலில் விழுந்துவிட்டான். பங்கோர் தீவுக்கு அருகில் விழுந்ததாகப் படகு முதலாளி போலீசில் சொல்லியிருந்தார். அங்கேதான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“பொய்ண்ணே. படக நல்லா கழுவிட்டாங்க. வலைய கழுவ மறந்துட்டாங்க. நான் போயி பிரிச்சுப் பாத்தேன், மடிப்புல இது கெடந்துச்சு. தம்பி எத்தனையோ மீனு கொண்டாந்திருக்கான், இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல.”

அவரையும் நான் சந்தேகித்தேன். சந்தையில் பொறுக்கிய மீனாக இருக்கலாம். வேறொரு பெரிய மீனின் வயிற்றிலிருந்து விழுந்திருக்கலாம். மீன்வளத் துறையில் எனக்குத் தெரிந்த தமிழ் அதிகாரி ஒருவரிடம் டின்னோடு அந்தப் பெண்ணை அழைத்துப்போனேன்.

அவர் மீனைப் புரட்டினார். தலைக்குப் பொருந்தாத பெரிய கண். செதில் பெரும்பாலும் உதிர்ந்திருந்தது. வயிற்றோரம் மட்டும் சிறு வட்டப் புள்ளிகள் வரிசையாக மிஞ்சியிருந்தன.

“லாந்தர் மீனு. இந்தப் புள்ளிதான் விளக்கு. சந்தைக்கெல்லாம் வராது லா, யாரு வாங்குவா?”

பெரிய மீனின் வயிற்றிலிருந்து வந்திருக்காதா என்றேன்.

“கண்ணு தெளிவா இருக்கு பாருங்க. வயித்துக்குள்ள போயிருந்தா தோலே கரைஞ்சிருக்கும்.”

பகலில் அது பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்குமாம். இருட்டியதும் இரை தேடி மேலே வரும். வலையில் சிக்குவது அப்போதுதான். கீழே பதுங்கியிருக்கும் பெரிய மீனுக்குத் தன் நிழல் தெரியாதபடி, மேலிருந்து இறங்கும் மங்கிய வெளிச்சத்தின் அளவுக்கே வயிற்றை ஒளிரவைத்துக்கொள்ளும். பங்கோர் பக்கம் கடல் நூறு மீட்டர்கூட ஆழமில்லை. இந்த மீன் இருப்பது வடக்கே, மலாக்கா நீரிணை முடிந்து கடல் ஆழமாகும் அந்தமான் பக்கம். அங்கே மீன்பிடிக்க அந்தப் படகுக்கு உரிமம் கிடையாது.

“அப்ப தம்பி அங்கதானே விழுந்திருக்கான்?” என்றார் அந்தப் பெண்.

அதிகாரி டின்னை மூடினார். “படகு அங்க போயிருக்குன்னுதான் மீனு சொல்லும், அக்கா. தம்பி எங்க விழுந்தான்னு சொல்லாது.” பிறகு என் பக்கம் திரும்பி, “என் பேரப் போட்டுறாதீங்க, அண்ணே.”

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தேன். தோட்டத்தில் கடை வைத்திருந்தபோது தமிழ் பழகிய சீனர் அவர். படகு எவ்வளவு தூரம் போனது என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார்.

“மீனு வந்து கோர்ட்டுல சாட்சி சொல்லுமா, தம்பி? அந்தம்மா அத எங்க பொறுக்குச்சோ!”

மீனைப் பற்றி நான் வாயே திறந்திருக்கவில்லை. அந்தப் பெண் வலையைப் பிரித்ததைப் படகுத்துறையில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

டின்னைப் போலீஸ் நிலையத்தில் கொடுத்தோம். அந்தமான் பக்கமும் தேடச் சொல்லி அந்தப் பெண் மலாய் மொழியில் கேட்டார். புகாரில் பங்கோர் என்றுதான் இருக்கிறது என்றார்கள்.

அன்று பிற்பகல் தேடும் படகு பங்கோர் தீவைச் சுற்றிவரப் புறப்பட்டது.