வேப்பங்குழை கட்டிய படலை

அணுவைப் பற்றிய பாடம் எங்கள் வகுப்புக்கு வருவதற்கு முன்பே நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்துவிட்டோம். பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் கழுத்துக் கட்டியை வெட்டி எடுத்தபின், மிச்சமிருக்கும் கெட்டதை அழிக்க விழுங்க ஒரு குளிசை தருவோம், அதற்குள் இருப்பது கதிர் வீசும் அயடீன் என்று தெற்கில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு அது விளங்கவில்லை, பயம்தான் வந்தது.

அங்கே இருந்த தாதிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். பயந்தவர்களைப் பார்த்துப் பழகியவர்போல மெதுவாகச் சொன்னார். உப்புப் பைக்கற்றில் இருப்பதும் அயடீன்தான், இதுவும் அயடீன்தான். பெயரும் ஒன்று, குணமும் ஒன்று. அணுவுக்கு உள்ளே இருக்கும் கரு மட்டும் வேறு. இதன் கரு நிலையாக நிற்காது, தன்பாட்டில் உடையும், உடையும்போது கதிர் வீசும். தொண்டையில் மிச்சமிருக்கும் சுரப்பிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்காகத்தான் சில கிழமைகளாக, வாரக்கணக்கில், எனக்குக் கடல் மீனும் நண்டும் பைக்கற் உப்பும் தராமல் வைத்திருந்தார்கள். அயடீனுக்குப் பசித்துக் கிடக்கும் தொண்டை, எது கிடைத்தாலும் அள்ளி எடுக்கும்.

"எட்டு நாளிலை பாதி போகும். அடுத்த எட்டு நாளிலை அந்தப் பாதியிலை பாதி போகும். பயப்பட வேண்டாம் அக்கா" என்றார்.

பயப்பட வேண்டாம் என்று சொன்னால் எனக்குப் பயம் கூடும். அந்தப் பாதியில் பாதி, பிறகு அதில் பாதி என்று போனால் எப்போதுதான் ஒன்றுமில்லாமல் போகும் என்று படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு விடும்போது கதிர் அளக்கும் ஒரு கருவியைக் கழுத்துக்குக் கிட்டப் பிடித்தார்கள். அது பொரி வறுத்ததுபோலச் சத்தம் போட்டது. சில கிழமைக்குச் சின்னப்பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கிட்டப் போகக் கூடாது, மற்றவர்களோடும் கொஞ்சம் தள்ளியே இருக்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு முதலில் நினைவு வந்தது தங்கச்சியின் வயிறுதான். எனக்கும் என் மனுஷனுக்கும் பிள்ளையில்லை. அவளுக்குக் கலியாணமாகிப் பல வருடம் கழித்து அப்போதுதான் ஒன்று தங்கியிருந்தது. அவளும் புருஷனும் உடையார்கட்டில் அப்பாவோடு இருந்தார்கள். நாங்கள் நெடுங்கேணிப் பக்கம்.

வீட்டுக்கு வந்தபின் என் கோப்பையைத் தனியாகக் கழுவினேன், உடுப்பைத் தனியாகத் தோய்த்தேன். மிச்சச் சோற்றைக் கொத்திய காகம் மறுநாளும் வருகிறதா என்று பார்த்திருந்தேன். வந்தது. அப்பா மட்டும்தான் இதைப் பகிடியாக எடுத்தார். ஒவ்வொரு பின்னேரமும் போனில் வருவார்.

"என்ன பிள்ளை, உடம்பிலை வெளிச்சம் அடிக்குதோ?"

"சும்மா இருங்கோ அப்பா."

"இஞ்சை கறண்ட் போயிட்டுது. உன்னைக் கொண்டந்து விறாந்தையிலை கொளுவினால் நாங்கள் சோறு தின்னலாம்."

தங்கச்சி பின்னாலிருந்து சிரிப்பது கேட்கும்.

பிரச்சினை அயலட்டையால் வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியால் வந்தால் சனம் பார்க்க வராமல் இருக்காது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிஸ்கட் பெட்டியோடு வருவார்கள். கதிர் என்றால் அவர்களுக்கு விளங்கவில்லை. "அதெல்லாம் எங்களுக்கு ஒண்டும் செய்யாது, தள்ளுங்கோ" என்று உள்ளே வரப் பார்த்தார்கள். கடைசியில் என் மனுஷன்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கொத்து வேப்பங்குழையை வேலிப் படலையில் கட்டிவிட்டார். வேப்பங்குழை தொங்கினால் அந்த வீட்டில் அம்மாள் வருத்தம், அம்மை, என்று அர்த்தம். யாரும் சொல்லாமலே சனம் ஒதுங்கிப் போகும்.

அன்றிலிருந்து ஒருவரும் வரவில்லை. எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி.

அடுத்த கிழமை அப்பா காலையில் கிணற்றடியில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே போய்விட்டார். தங்கச்சிதான் போன் எடுத்தாள். "அக்கா, அப்பா" என்றாள். அதற்குப் பிறகு அழுகைதான்.

எங்களில் செத்தவீட்டுக்குப் போகிற பெண்கள் வாசலிலேயே கட்டிப்பிடித்து, தோளில் முகத்தை வைத்துத்தான் அழுவார்கள். அதற்குத்தான் போவதே. நான் போனில் சொன்னேன், "நான் வாறன். ஆனால் உனக்குக் கிட்ட வரமாட்டன். ரோட்டிலை மதகடியிலை நிக்கிறன். அப்பாவை வெளியிலை கொண்டுவரேக்கை அதிலை ஒருக்கா இறக்கி, முகத்தை மட்டும் காட்டச் சொல்லு." அவள் "ஓம்" என்றாள்.

மோட்டார் சைக்கிளில் போய் மதகடியில் இறங்கினோம். அப்பாவின் வீட்டுப் படலைக்கும் மதகுக்கும் நடுவில் ஒரு வயல் துண்டு. பறை கேட்டது. என்னைக் கண்டதும் சித்தப்பா குடையோடு வேகமாக வந்தார். அப்பாவின் தம்பி, நல்ல மனிதர்.

"பிள்ளை, நீ திரும்பிப் போ."

"சித்தப்பா, நான் உள்ளுக்கு வரேல்லை. முகத்தை மட்டும்..."

"அம்மாளை உடம்பிலை வைச்சுக்கொண்டு செத்தவீட்டு வாசலுக்கு வரலாமோ? உள்ளை வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிறாள். உனக்கும் கூடாது, அவளுக்கும் கூடாது."

என் மனுஷன், "அம்மாள் இல்லை மாமா, அது அயடீன், அணு..." என்று தொடங்கினார்.

"அணுவோ? அணுகுண்டோ?" என்றார் பின்னால் வந்த ஒருவர். யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

"அப்ப ஏன்ரா படலையிலை வேப்பங்குழை கட்டினனி?" சித்தப்பா கேட்டார். "நெடுங்கேணிச் சனம் முழுக்கச் சொல்லுது. அம்மாளின்ரை பேரிலை விளையாடினனீங்களோ?"

மனுஷன் என்னைப் பார்த்தார். இல்லை என்றாலும் குற்றம், ஓம் என்றாலும் குற்றம். நான் என் கழுத்துத் தழும்பைக் காட்டினேன். சித்தப்பா அதைப் பார்த்தார், கண் கலங்கினார். ஆனாலும் குடையை மடிக்காமல் வழியை மறித்தபடியே நின்றார்.

தங்கச்சி படலைக்கு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். இரண்டு பெண்கள் அவளை இடுப்பில் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு பாடை வெளியே வந்தது. ரோட்டால் வந்தால் மதகைத் தாண்டித்தான் சுடலைக்குப் போக வேண்டும். அவர்கள் ரோட்டுக்கு ஏறவில்லை. வாய்க்கால் கரையால் திருப்பினார்கள். பொதுவாக அந்த வழியால் உழவு மெசினும் மாடும்தான் போகும். நெற்பயிருக்கு மேலால் வெள்ளைத் துணி ஒன்று அசைந்து போவதுதான் தெரிந்தது. நான் மதகுக் கட்டின்மேல் இருந்துவிட்டேன்.

அடுத்த கிளினிக்கில் அதே தாதியிடம் கேட்டேன், அவ்வளவு தூரத்தில் நின்றால் ஏதும் நடந்திருக்குமா என்று. "ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டிருந்தாலே போதும் அக்கா. ஏன், என்ன நடந்தது?" என்றார். நான் கழுத்தை நீட்டினேன். கருவியைப் பிடித்தார். சத்தம் மிகவும் குறைந்திருந்தது. இனி எங்கேயும் போகலாம் என்றார்.

அன்றைக்கே உடையார்கட்டுக்குப் போனோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. தங்கச்சி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். வயிறு எங்களுக்கு நடுவில் இருந்தது. நான் காத்திருந்த அழுகை வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

"அண்டைக்கு வந்தவை எல்லாரையும் கட்டிப்பிடிச்சு அழுதிட்டன் அக்கா" என்றாள். "முன்னப்பின்னைத் தெரியாத ஆக்களையும். இப்ப ஒண்டுமில்லை."

இரண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தோம். பால் விடாத பிளேன்ரீ ஆறிப்போனது. நான் கேட்டேன், "அப்பான்ரை முகம் எப்பிடி இருந்தது?"

அவள் பிளேன்ரீயைத் தள்ளி வைத்தாள்.

"அப்பாவுக்குச் சவரம் எடுத்தவர் மீசையையும் எடுத்துப் போட்டார். எடுக்கேக்கை நாங்கள் காணேல்லை. அப்பா மாதிரியே இருக்கேல்லை அக்கா. ஆரோ படுத்திருக்கிற மாதிரி. நீ பாக்காததே நல்லது."

நல்லதுதான் என்று நானும் சொன்னேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த முகத்தைத்தான் தேடுகிறேன். வருவதெல்லாம் மீசையோடு இருக்கிற அப்பா. மீசை இல்லாத அப்பாவை எனக்கு நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை.