மாமியாரைக் கொன்ற கதை

என் கணவருக்கு அந்த நாடகத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏழு வருடமாக டிவியில் ஓடும் இந்திய நாடகம். ஒரு மாமியார், மூன்று மருமகள்கள், ஒரு பெரிய வீடு. மன்னார்த் தீவின் தாராபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் அதைப் பார்க்க உட்கார்ந்தால், அவரும் புடவைக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, கதிரையைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பரை விரிப்பார்.

"இந்தக் கிழவி இன்னும் சாகேல்லையோ? நகையெல்லாம் போட்டுக்கொண்டே நித்திரை கொள்ளுறது?"

அந்த அரைமணி நேரமும் பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரளாது. நடுவில் கரண்ட் போனால் மின்சாரக் கந்தோருக்கு முதலில் போன் எடுப்பவரும் அவர்தான். எனக்கு எல்லாம் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன்.

சென்ற நோன்பு மாதத்தில் ஒருநாள் அவருடைய கூட்டாளிகளும் மனைவிமாரும் எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வந்தார்கள். பகல் முழுக்க நான் அடுப்படியில் நின்றேன். சாப்பிட்டு முடிந்ததும் அவர் என் சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, டிவிக்கு முன்னால் நான் அழுவதை நடித்துக் காட்டினார்.

"ஐயோ, தாயும் போயிட்டாவே! அந்தப் பிள்ளைக்கு இனி ஆரு இருக்கினம்?"

மூக்கைச் சிந்திக்கூடக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கஞ்சிக் கோப்பைகளைக் கழுவக் குசினிக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நாடகத்தில் ஒரு மருமகளின் தாய் இறந்த அன்று நான் அழுதது உண்மை. அப்போது என் உம்மா மவுத்தாகி ஐந்து மாதம். அது அவருக்குத் தெரியாததல்ல.

பெருநாள் முடிந்து கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனவர், மூன்று நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நாடகம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். சாப்பிடும்போது தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"உன்ர விசர்க்கூட்டம் என்ன செய்யுது?"

"மாமியார் மவுத்து" என்றேன். "மூத்த மருமகள் படியால தள்ளிவிட்டவ."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. "நல்லா வேணும்" என்றார். சோற்றை வாயில் வைக்காமலே, "கடைசியா ஏதும் சொன்னவவோ?"

"சின்ன மருமகளிட்டச் சாவிக்கொத்தக் குடுத்து, எல்லாரையும் மன்னிச்சிட்டன் எண்டவ."

சனி, ஞாயிறில் அந்த நாடகம் வராது. ஞாயிற்றுக்கிழமை விடத்தல்தீவில் கூட்டாளி ஒருவர் வீட்டில் பகல் விருந்து. அதே ஆட்கள். இரண்டையும் யோசித்துத்தான் சொன்னேன்.

சாப்பாடு முடிந்ததும், நான் நினைத்தபடியே அவர் எழும்பினார். பாயில் உருண்டார். இல்லாத சாவிக்கொத்தை நீட்டினார். மாமியாரின் குரலில் எல்லாரையும் மன்னித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நானா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று என் கணவரைக் கேட்டாள் அந்த வீட்டுக்காரி. "மாமியார் சாகேல்லையே! வெள்ளிக்கிழமைகூட மருமகளுக்குக் கன்னத்தில அறைஞ்சவ."

"ஓம், நானும் பாத்தனான்" என்றார் கூட்டாளி. "படியால விழுந்தது வேலைக்காரியெல்லோ!"

என் கணவர் என்னைப் பார்த்தார். "இவதான் சொன்னவ."

"பகிடிக்குச் சொன்னனான்" என்றேன். "கடைசியா என்ன சொன்னவ எண்டெல்லாம் இவர் விடாமக் கேட்டவர். சொல்லாட்டிச் சாப்பிட மாட்டார் போல கிடந்தது."

"மச்சான், நீயுமோ!" என்று கூட்டாளி அவர் முதுகில் அடித்தார். பிறகு எழுந்த சிரிப்பு என் வீட்டில் கேட்டதை விடப் பெரிது. நான் இரண்டாவது துண்டு வட்டிலப்பம் எடுத்துக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது, மன்னார்ப் பாலத்தை அவர் ஒரே வேகத்தில் தாண்டினார். எனக்கு அந்தச் சிரிப்புப் போதவில்லை. திங்கட்கிழமையிலிருந்து டிவியைப் போடாமல், போனில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாடகம் பார்த்தேன். புதன்கிழமை அவருடைய கதிரை எனக்குப் பின்னால் வந்தது. போனை மார்போடு சாய்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்து முன்னால் நின்றார்.

"அந்த ஹெட்செட்டக் கழட்டு. எனக்கும் பாக்கவேணும்."

"விளங்கேல்லை."

"எனக்கும் பாக்கவேணும் எண்டு சொன்னனான்."

"அண்டைக்கு நான் ஏன் அழுதனான் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ செய்தனீங்கள்?"

நான் எழும்பிப் போய் டிவியைப் போட்டேன். நாடகம் தொடங்கிப் பத்து நிமிடமாகியிருந்தது. கதிரையை நேராகத் திருப்பி உட்கார்ந்தவர், மெதுவாகக் கேட்டார்.

"முதல்ல என்ன நடந்தது?"

நான் சொல்லவில்லை.