மிளகாய்க்கு மேல் ஒரு கட்டில்

கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத விருதுநகரில் பிறந்த பீர் முகைதீன், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணி ஒன்றுக்குத் தண்டல், அதாவது தலைவர். தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஐம்பத்தாறாம் வருஷக் கார்த்திகையில் நடுக்கடலில் புயல் பிடித்துக்கொண்டது. சுமை குறைந்தால்தான் தோணி தப்பும். அடியில் கூரை ஓடு, மேலே விருதுநகர் மிளகாய் வற்றல். மேலே இருப்பதுதானே முதலில் போகும்? மூட்டை மூட்டையாகக் கடலில் தள்ளினார்கள். அந்த மாதம் முழுக்கச் சீலா மீன் வாங்கிய வீடுகளில் அம்மிக்கு ஓய்வு. குழம்பு தானாகவே உறைத்தது. திமிங்கலம் ஒன்று தும்மிய வேகத்தில்தான் தோணி கரைக்கே வந்து சேர்ந்தது என்பார்கள்.

ஆட்கள் பிழைத்தார்கள். தோணி பிழைக்குமா என்பதுதான் தெரியவில்லை. ஓட்டைக் காப்பாற்றி மிளகாயைக் கொன்றவன் என்று விருதுநகர் வியாபாரிகள் சரக்குத் தர மறுத்தார்கள். மாசிக்குள் லோடு கிடைக்காவிட்டால் தோணியை உடைத்து விறகுக்கு விற்றுவிடுவதாக அதன் முதலாளி தேவாசீர்வாதம் சொல்லிவிட்டார்.

பீர் முகைதீன் மிளகாய் வியாபாரி தங்கச்சாமியின் மண்டிக்குப் போனார்.

"வாங்க பாய். மீனெல்லாம் சௌக்கியமா? என் வத்தலைத் தின்னு கொளுத்திருக்குமே!"

"மேல இருந்தது போச்சு அண்ணாச்சி. வேணும்னு செய்வேனா?"

"இனியும் என் சரக்குத்தான மேல இருக்கும்? அடியில போட்டா அளுகிரும்."

மண்டி நெடியில் பீர் முகைதீனுக்குத் தும்மல் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. மகள் பைரோஜா, கொழும்பில் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையிடம் போகக் காத்திருந்தாள். அவளுடைய சீர்க் கட்டிலும் போயாக வேண்டும்.

"மிளகாய்க்கு மேல எம் மக சீர்க் கட்டில் ஏறும் அண்ணாச்சி. கடல் கேட்டா மொதல்ல அதைத்தான் குடுப்பேன்."

தங்கச்சாமி எழுந்து நின்றுவிட்டார். "பேச்சு மாற மாட்டீகளே?"

வீட்டில் மனைவி பீவி ஜான் பிடித்துக்கொண்டாள். "எங்க வாப்பா இழைச்சு இழைச்சுச் செஞ்ச தேக்குக் கட்டிலு! கடல் என்ன உங்களுக்குச் சம்பந்தியா?"

"விடுங்க உம்மா," என்று சிரித்தாள் பைரோஜா. "கட்டில் போனா நாங்க பாய்ல படுத்துக்கிருவோம். தோணி போச்சுன்னா வாப்பாவுக்கு எங்கன உறக்கம் வரும்?"

மாசியில் பாய் விரித்தார்கள். பாதி வழியில் காற்று திரும்பி, தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஆட்கள் கட்டிலையும் தண்டலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பீர் முகைதீன் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். பிஸ்மில்லா சொல்லித் தள்ளினார். நான்கு காலும் மேலே தெரிய அது மிதந்து போயிற்று. காற்றும் அடங்கியது. கட்டில் கிடைத்ததும் கடல் படுத்துவிட்டது என்றார்கள் ஆட்கள். மிளகாயில் ஒரு மூட்டைகூடப் போகவில்லை.

அடுத்த லோடுக்குத் தங்கச்சாமியே துறைமுகத்துக்கு வந்துவிட்டார். அவர் வண்டியில் பைரோஜாவுக்கென்று ஒரு புதுத் தேக்குக் கட்டில். பின்னால் மற்ற வியாபாரிகளின் மூட்டை வண்டிகள். இனி தோணியை விறகாக்கும் பேச்சை யார் எடுப்பார்கள்?

மூட்டைகள் ஏறி முடிந்ததும் பீர் முகைதீன் புதுக் கட்டிலைத் தூக்கி அவற்றின் மேல் வைக்கச் சொன்னார்.

"அய்யய்யோ, அதை அடியில வைங்க பாய்!" என்று கரையிலிருந்து அலறினார் தங்கச்சாமி.

"அடியில போட்டா அளுகிரும் அண்ணாச்சி!"