அம்மன் கொடுத்தது சிவப்புப் பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன், அம்மன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் பிழை வந்தால் யாராவது திருத்திவிடுவார்கள். தெய்வ காரியத்தில் பிழையாக எழுதிவிட்டால் யார் திருத்துவது? அந்தப் பயம்தான். இப்போது சம்பந்தப்பட்டவரே எழுதச் சொல்லிவிட்டார்.

பாடாலூரில் எனக்கு மாவு மில் இருக்கிறது. அந்தக் காலத்தில், சாயங்காலம் வேலை முடிந்ததும் எங்கள் பாட்டுக் குழு மில்லுக்குள்தான் பாடிப் பழகும். நான் பக்திப் பாட்டு பாடுவேன். ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தவர் டோலக்கு. பெரம்பலூரில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில் வேலை பார்த்த திருமானூர்க்காரத் தம்பி ஒருவர், கீபோர்டு. நாலாவதாக யார் வருவார்கள் என்பது கச்சேரி நடக்கிற ஊரைப் பொறுத்தது. எங்கள் பெயர் பக்கத்து ஒன்றியத்துக்குக்கூடத் தெரியாது.

அந்தத் தம்பியின் இசையை இன்றைக்குச் சினிமாப் பாட்டுக் கேட்கிற எல்லாரும் கேட்கிறார்கள். பெயரை நான் எழுதப் போவதில்லை.

சீக்கிரம் வந்துவிட்டால் தம்பி ஓடுகிற மோட்டார் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். அதன் சத்தத்தை அப்படியே கீபோர்டில் பிடிப்பார்.

"கம்பு போட்டா சுருதி எறங்குதுண்ணே. அரிசின்னா நிக்குது" என்பார்.

"அப்ப மோட்டாரையே கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போவோம். இவன மாதிரி பரோட்டா கேக்காது" என்பார் டோலக்குக்காரர்.

கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே மாவு புகுந்துவிடும். ஊதிவிட்டு வாசிப்பார். பஸ் ஏறும்போது தலையெல்லாம் வெள்ளையாக இருக்கும். கண்டக்டர் ஒருவர் அவரை "என்ன பெரியவரே" என்றுதான் கூப்பிடுவாராம்.

ஒரு வருஷம் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு எங்களுக்கே வெற்றிலை பாக்கு வைத்தார்கள். சொந்த ஊரில், தேர் அன்றைக்குக் கச்சேரி. எனக்குக் கால் தரையில் படவில்லை. காப்புக் கட்டும் அன்று எங்களுக்கும் கட்டினார்கள். தம்பி வெளியூர்தான், ஆனாலும் கையை நீட்டி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை கவிச்சி சாப்பிடக் கூடாது, ராத்திரி ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது. அதனால் பகலில் கடைக்குப் போவார், ராத்திரி எங்கள் வீட்டில் படுத்துக்கொள்வார்.

தேருக்கு முந்தின நாள் மத்தியானம், மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓடி வந்தார். முகத்தில் வேர்வை. கடைக்குச் சென்னையிலிருந்து போன் வந்திருக்கிறது. ஒரு ஸ்டுடியோவில் வாசிக்கிறவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் வந்து வாசித்துக் காட்டினால், பிடித்துப்போனால், தொடர்ந்து வேலை. அந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் அவர் அத்தனை நாளும் மாவு தின்றுகொண்டிருந்தார்.

"கெளம்புடா. பஸ்ஸ நான் கைய காட்டி நிறுத்துறேன்" என்றார் டோலக்குக்காரர்.

தம்பி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "இது கெடக்கேண்ணே."

"கயிறுதானடா, ஆத்தா கோவிச்சுக்குவாளா? கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

"நீங்க பஞ்சர் ஒட்ட வர்றவங்ககிட்டயே பேசி ஜெயிக்க மாட்டீங்க" என்றாள் என் மனைவி. பிறகு தம்பியிடம், "கட்டிவிட்ட ஆத்தாகிட்டயே கேட்டுருப்பா. பூக்கட்டிப் பாரு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் முடிவு தெரியாவிட்டால் அப்படித்தான் கேட்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்க வேண்டும் என்று தம்பியே சொல்லிக்கொண்டார். பூசாரி நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் மடித்து வைத்தார். எடுத்தது என் மகள். அப்போது அவளுக்கு அங்கன்வாடிக்குப் போகிற வயசு.

நான் கண்ணை மூடி வெள்ளை, வெள்ளை என்றுதான் வேண்டினேன். கச்சேரி போனால் போகட்டும், பிள்ளை பிழைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

இலையைப் பிரித்தார் பூசாரி. செவ்வரளி.

மகள், "இது எனக்கா?" என்று கேட்டு அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். தம்பி விழுந்து கும்பிட்டு எழுந்தார். "சரிங்கண்ணே, இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். போன் பூத்துக்குப் போய், "வர முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வேலைக்கு வேறு யாரோ போனார்கள். எனக்கு அன்றைக்கு அம்மன் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கோபம்தான்.

மறுநாள் தேர் நிலைக்கு வந்ததும் கச்சேரி. நான் அம்மன் பாட்டை எடுத்தேன். நடுவில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் விட்ட இடத்திலிருந்து கீபோர்டில் பாட்டை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் மோட்டார் சத்தம் அடியில் ஓடுகிற மாதிரி ஒரு சுருதி, அதன் மேலே பாட்டு. மிட்டாய்க் கடைக்காரர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு நின்றார். டோலக்குக்காரர் அழுதுகொண்டே அடித்தார். கேட்டால் தூசி என்பார்.

அதற்கப்புறம் ஆவணியில், யாரும் கூப்பிடாமலே தம்பி சென்னைக்குப் போனார். கல்யாண மண்டபங்களில் வாசித்து, பல வருஷம் கஷ்டப்பட்டுத்தான் மேலே வந்தார்.

அவருக்குப் பெயர் வந்ததும் ஊரில் கதை மாறிவிட்டது. வெள்ளைப் பூ வந்ததாம், அப்போதே பஸ் ஏறினாராம், இறங்கிய இடத்தில் அதிர்ஷ்டம் நின்றதாம். செல்போனில் வீடியோ போடுகிறவர்களும் அப்படியே சொல்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் கோயிலில் பெரியவர்கள் அடக்குவார்கள். "போகாதன்னு சொன்ன சாமி தப்பு, போனவன் ஜெயிச்சுட்டான்னு ஆயிடாதா? சும்மா இருங்க" என்பார்கள். அது எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

என் மனைவிக்கு உறுத்தவில்லை. "நாளைக்குப் போலாமான்னு கேட்டான், அவ வேணாம்னுட்டா. ஆவணில போலாமான்னு அவகிட்ட கேட்டானா? கேக்காததுக்கு அவ ஏன் பதில் சொல்லணும்?" என்றாள்.

இந்த வருஷத் திருவிழாவுக்குத் தம்பி வந்திருந்தார். முன்போலவே காப்புக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, "கயிறு கட்டிருக்கேங்க, தேர் முடிஞ்சுதான்" என்று சொல்லிச் சொல்லி வைத்தார். கைக்குழந்தையோடு வந்திருந்த என் மகள், "மாமா, பூக்கட்டிப் பாத்துருவோமா? நானே எடுக்கறேன்" என்றாள்.

"ஆத்தா, நீ கோயில் பக்கமே வராத! ஒரு தடவ எடுத்தது போதும்" என்று கும்பிட்டார். வீடே சிரித்தது.

அப்போதுதான் கேட்டேன், வெள்ளைப் பூ என்று சொல்கிறார்களே தம்பி, நீங்களாவது சொல்லக் கூடாதா என்று.

"சொன்னாலும் வெள்ளைன்னுதாண்ணே போடுறாங்க. செவப்புன்னு நீங்க எழுதுங்க. அன்னிக்கு நான் போயிருந்தா உங்க தொண்ட அடைச்சப்ப யாரு வாசிச்சிருப்பா? எல்லாமே அன்னிக்கு அந்த மேடைலதான் எனக்குத் தொறந்துச்சு" என்றார்.

எனக்கு அது போதும். மறுநாள் சன்னதியில் நின்று, பழைய கோபத்துக்காக ஒரு தேங்காய் உடைத்தேன். மனசு நிறைவாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் தமிழில் குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். சொல்லும்போது கதை நன்றாக இருக்கட்டுமே என்று வெள்ளையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். வந்தது செவ்வரளி. அவர் இருந்தார், வாசித்தார், நான் கேட்டேன்.