நந்தியின் பின்னங்கால்களாக நான்

நாடகக் கம்பெனியில் சின்ன வேடக்காரனுக்கு உள்ள ஒரே சௌகரியம், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். நாடகம் அவன் இல்லாமலேயே நடந்துவிடும்.

எங்கேயாவது ஒரு வாசலில் நின்று "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள், கூட்டத்தில் ஒருவராக நின்று கால் மரத்துப்போனவர்கள் எல்லோரும் என் இனம். ஐம்பதுகளில் பெங்களூரில் தண்டு என்கிற கண்டோன்மென்ட் பக்கம் தகரக் கொட்டகை போட்டு ஆடிய ஒரு தமிழ் நாடகக் கம்பெனியில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள். வேடம் கொடுக்க மட்டும்தான் மனசு வரவில்லை.

நிற்கத் தெரிந்தவன்

ஜோகுபாளையத்தில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, குளிக்கும்போதெல்லாம் பாடிப் பழகினேன். தெரு தாங்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் கம்பெனிக்குப் போனேன். கம்பெனியை நடத்தியவரை எல்லோரும் வாத்தியார் என்போம். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். ஒரு பாட்டுப் பாடினேன், கண் திறக்கவில்லை. அரசனாக ஒரு வசனம், பிச்சைக்காரனாக ஒரு வசனம், கடைசியில் வாய்விட்டு ஓர் அழுகை. அழுகைக்கு மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

கைவசம் வேறு சரக்கு இல்லாததால் பேசாமல் நின்றேன். வாத்தியார் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார். என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு தோளைத் தட்டிச் சொன்னார்: "பாட்டு வேணாம், வசனமும் வேணாம். கடைசியா ஒண்ணு பண்ணினே பாரு, சும்மா நின்னே, அதுதாம்பா நல்லா இருந்துச்சு. அதையே பண்ணு."

கொட்டாவி

அப்படித்தான் வாயிற்காவலன் ஆனேன். தர்பார் காட்சி முழுக்க ஈட்டியோடு நிற்க வேண்டும். அரசன் வேடம் கட்டும் ராஜபார்ட் வந்து பாடுவார், மந்திரி வந்து வணங்குவார், எதிரி நாட்டுத் தூதன் வந்து சவால் விடுவான். நான் நிற்பேன். மூக்கு அரிக்கும். சொறியக் கூடாது. பின்னால் தொங்கிய படுதாவில் என்னைப் போலவே ஈட்டி பிடித்த இரண்டு காவலர்களை ஓவியர் வரைந்திருந்தார். அவர்களுக்கு மூக்கு அரிக்காது என்பதுதான் எங்களுக்குள் வித்தியாசம். கேட்டால் சிரிப்பீர்கள், அந்த இரண்டு பேர் மேல் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஒருநாள் மந்திரியின் ஆலோசனை நீண்டுகொண்டே போனதில் கொட்டாவி வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நாடகம் முடிந்ததும் ஜட்கா ஓட்டும் பாய் ஒருவர் மேடைப் பக்கம் ஓடிவந்தார். இன்றைக்குத் தொலைந்தோம் என்று ஒளிந்துகொண்டேன். அவரோ வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "பர்தாவுல மூணு சிப்பாய் வரைஞ்சு வெச்சிருக்கீங்க, அதுல ஒருத்தன் மட்டும் கொட்டாவி உடறான். கமால் சாப், அபாரம்! உள்ள இன்னா மிஷினு வெச்சிருக்கீங்க?"

விறகு டிப்போ

மேடையில் வேலை கம்மி என்பதால் கம்பெனிச் சமையலுக்கு விறகு வாங்கிவரும் வேலையும் என் தலையில்தான். நீலசந்திராவில் மாணிக்கம் என்பவர் விறகு டிப்போ வைத்திருந்தார். கொட்டகைக்கு மூங்கிலும் அவர்தான் கொடுத்தார். அதனால் எல்லா நாடகத்துக்கும் முன்வரிசை நாற்காலி அவருக்கு இலவசம். தராசில் நிறுத்துப் போடுவது அவர் மகள் லோகநாயகி. ஆளை ஒரு பார்வை பார்த்தாலே எடை சொல்லிவிடுகிற பெண். அவளைப் பார்ப்பதற்காகவே சமையல்கார கோவிந்தனிடம் விறகு தீர்ந்துவிட்டதா, தீர்ந்துவிட்டதா என்று கேட்டு உயிரை வாங்குவேன்.

நான் நடிகன் என்று தெரிந்துகொண்டதும் அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். நாடகம் என்றால் உயிராம். அடுத்த வாரமே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழு நாடகமும் பார்த்தாள். மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆசையோடு போய் நின்றேன். அவள் விறகை அள்ளித் தட்டில் வைத்தபடியே சொன்னாள்: "ராஜா வந்தாரு, மந்திரி வந்தாரு, நாய்கூட ஒண்ணு குறுக்கால ஓடிச்சு. நீங்கதான் வரவேயில்லை."

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

விஷயம் அக்கா காதுக்குப் போய், அக்கா டிப்போவுக்குப் போய்ப் பெண் கேட்டாள். மாணிக்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாராம். அரிதாரம் பூசுகிறவனுக்கு வீடே வாடகைக்குத் தராத காலம், பெண்ணை யார் தருவார்? அக்கா விடவில்லை. "எந்தம்பி நடிக்கிறதே தெரியாதுங்க, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். என் தொழிலைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையோடு யாரும் பேசியதில்லை.

அவர் என்னைப் பார்க்க வந்த அன்று சிவபெருமான் நாடகம். எனக்கு நந்தி வேடம். நந்தியில் முன்பாதி கோவிந்தன், பின்பாதி நான். சாக்குத் துணிக்குள் குனிந்து, கோவிந்தனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவர் காலைப் பார்த்துக் காலை வைக்க வேண்டும். உள்ளே தாளித்த வாசனைக்குக் குறைவில்லை. வாலை ஆட்டுவது மட்டும் என் சொந்தப் பொறுப்பு. அதில் என் திறமை அத்தனையும் காட்டினேன்.

முடிந்ததும் மாணிக்கம் உள்ளே வந்து, "நீ எதுல வந்தே?" என்று கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது: "மூஞ்சி தெரியல, பேரு தெரியல, நாளைக்கி எந்தக் கல்யாணப் பந்தியிலயும் 'உம் மருமவனை மேடையில பார்த்தேன்'னு ஒருத்தனும் சொல்ல முடியாது. இப்டியே இரு, யோசிக்கலாம்!"

என் நிலைமையைப் பாருங்கள். அப்பாவுக்கு மேடையில் என் முகம் தெரியக் கூடாது. மகளுக்கோ அதைப் பார்த்தே தீர வேண்டும்.

ஒன்ஸ்மோர்

லோகாவுக்காக வாத்தியாரிடம் நச்சரித்துப் போர்க்களக் காட்சியில் சாகிற வேடம் ஒன்றை வாங்கினேன். ராஜபார்ட்டின் வாள் பட்டதும் விழ வேண்டும், அவ்வளவுதான். நான் சும்மா விழவில்லை. தள்ளாடினேன், சுற்றினேன், ஒரு தூணைப் பிடித்தேன், தூணும் நானுமாகக் குப்புற விழுந்தோம். கொட்டகை அதிர்ந்தது. "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டால் மறுபடி பாடுவது வழக்கம். சாவுக்கு என்ன வழக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து, தூணை நிறுத்தி, மறுபடி செத்தேன். மறுபடியும் ஒன்ஸ்மோர். மறுபடியும் எழுந்தேன். இந்தத் தரம் ராஜபார்ட் குத்த மறுத்து, வாளை உறையில் போட்டுவிட்டு என்னையே முறைத்துக்கொண்டு நின்றார். நானே ஓடிப்போய் உறையோடு முட்டிக்கொண்டு விழுந்தேன்.

மூன்று தரமும் குப்புற விழுந்ததால் லோகா என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே வந்ததும் ராஜபார்ட் கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எம் பாட்டுக்கு விழாத ஒன்ஸ்மோர் உம் பொணத்துக்கு விழுதா? நாளையிலேர்ந்து நீ உள்ளேயே செத்துட்டு, சேதியை மட்டும் வெளிய சொல்லி அனுப்பு."

வானத்துக் குரல்

சமாதானத்துக்கு எனக்கு அசரீரி கொடுத்தார்கள். கொடுங்கோல் மன்னனின் முடிவு நெருங்கிவிட்டது என்று வானத்திலிருந்து ஒரே ஒரு வரி. முகம் கிடையாது, ஆனாலும் வசனம் வசனம்தானே! உத்தரத்தில் கட்டிய மூங்கிலில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். என் முறை வந்த அதே நொடியில் பெங்களூர் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை என்றால் பக்கத்தில் இருப்பவர் இருமுவதுகூடக் கேட்காது.

நான் கத்தினேன். கீழே ராஜபார்ட் நடுங்கக் காத்திருந்தார். கேட்டால்தானே நடுங்குவார்! நான் மறுபடி கத்தினேன். அவர் காதில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். அந்த நேரத்தில் மழை சற்றே ஓய, தரை டிக்கெட்டிலிருந்து ஒரு கன்னடக்காரர் எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டு, வானத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "ஸ்வாமி, ஸ்வல்ப ஜோராகி ஹேளி, சத்தமா சொல்லுங்க! மளெ பர்த்தா இதெ, மழையில ராஜாவுக்குக் கேக்கல!"

பெரிய வேடம்

அந்த மழையில் ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. அவர் சட்டை அளவுக்குப் பொருந்தியவன் கம்பெனியில் நான் ஒருவன்தான். "வசனம் தெரியுமா?" என்றார் வாத்தியார். தெரியுமாவா? பக்கத்தில் நின்று நின்று, ராஜபார்ட் எங்கே மூச்சு விடுவார் என்பதுவரை தெரியும்.

முன்வரிசையில் மாணிக்கம். பெண்கள் பக்கம் லோகா. அக்கா உள்ளே ஓடிவந்து, "வேணாண்டா தம்பி, நல்ல சம்பந்தம் கெட்டுடும்" என்று கையைப் பிடித்தாள். என் முகத்தில் அரிதாரம் ஏறிவிட்டது. இன்று மேடையேறினால் பெண் கிடைக்காது. ஏறாவிட்டால் இனி ஒருநாளும் வேடம் கிடைக்காது. அழுகையாக வந்தது. லோகா ஒரு தரமாவது என்னைப் பார்க்கட்டும், அப்புறம் நடப்பது நடக்கட்டும் என்று போனேன்.

படுதா தூக்கினார்கள். கம்பீரமாக நடந்து வந்தேன். கைதட்டல்கூட விழுந்தது. நேராகப் போய், வழக்கமாகக் காவலன் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிற்கவில்லை, கால் நின்றுவிட்டது. சிம்மாசனம் காலி. மந்திரி வந்து, காலி சிம்மாசனத்தை வணங்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், "மன்னர் இன்னும் எழுந்தருளவில்லையா?" என்று கேட்டார். நான், "இல்லை பிரபு" என்று தலை குனிந்தேன்.

அப்புறம் எழுந்த சிரிப்பில் என் குரல் போனது. போனது போனதுதான், சிம்மாசனத்தில் பிடித்துத் தள்ளிய பிறகும் வரவில்லை. படுதாவை இறக்கி, ராஜபார்ட்டை மப்ளரோடு கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் தவளை மாதிரி கத்தினார். அதற்குக் கைதட்டினார்கள். நான் விறகு அடுக்கிய மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன். வேடமும் போச்சு, பெண்ணும் போச்சு. மாணிக்கம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்தார்: "எனக்கு அரைகுறையா ஒரு சந்தேகம் இருந்துச்சு மாப்ளே, இன்னியோட அதுவும் தீந்துச்சு. உன்னை எவனும் நடிகன்னு சொல்லவே மாட்டான். வர்ற தை மாசமே முகூர்த்தம் வெச்சிடலாம்."

ரசிகை

எங்கள் கல்யாணம் ஆனதும் கம்பெனி சேலத்துக்குப் போனது. நான் மாமனார் டிப்போவில் தராசுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். லோகா அந்த நாளைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கோ அது தொண்டையில் முள்ளாகவே இருந்தது. ஒரு மத்தியானம் வியாபாரம் இல்லாத நேரம் நானே ஆரம்பித்தேன். உனக்கு முகம் காட்டத்தான் ஏறினேன், அன்றைக்கு உன் முன்னால் அப்படி அவமானப்பட்டுவிட்டேனே என்றேன்.

அவள் சிரித்தாள். அப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான் நான் வேண்டுமென்றே அப்படிச் செய்தேன் என்று அவளுக்கு அன்றே தெரியுமாம். தனக்காக ஒருவன் பெரிய வேடத்தையே தூக்கி எறிந்தானே என்று அன்றைக்கு ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். நான் பதறிப்போய், இல்லை லோகா, நிஜமாகவே கால் நின்றுவிட்டது, நிஜமாகவே குரல் போய்விட்டது, எனக்கு நடிப்பு வரவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்: "போதும் போதும், எங்கிட்டயேவா? எங்கப்பாவே ஏமாந்த நடிப்பு!"

ஆக, மேடையில் நான் நடித்ததை ஊரே நம்பவில்லை, நடிக்காததை நடிப்பு என்று ஒருத்தி நம்பிவிட்டாள், அந்தத் தியாகி வேடத்தைக் கலைக்கத்தான் இன்றுவரை எந்த வாத்தியாரும் உத்தரவு கொடுக்கவில்லை.