சால்வோர் கூட்டிப்போகாத குகை

ஐஸ்லாந்து முழுக்கத் தேடினாலும் சால்வோரைப் போல ஒரு பிடிவாதக்காரி கிடைக்கமாட்டாள். ஐம்பத்தெட்டு வயது. முந்நூறு ஆடுகள், சொன்ன பேச்சுக் கேட்காத ஒரு நாய். குளிர்காலத்தில் பனிக்குகைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வேலை. அவர்களைப் பெரிய டயர் வண்டியில் ஏற்றிப்போவது நான்.

போன செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டிவரும்போது, வழிமாறிய ஓர் ஆட்டைத் துரத்திப்போய்ப் பனியாற்றின் அடியில் புதுக் குகை ஒன்றைக் கண்டாள். சுவரெல்லாம் நீலம். கோடையில் பழைய குகைகள் உருகிவிடும். வருடாவருடம் புதிதாகத் தேட வேண்டும். குளிர் இறுகும்வரை குகையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது எங்கள் ஊர் வழிகாட்டிகளின் வழக்கம். சால்வோருக்கு வாய் நிற்கவில்லை. ரெய்க்யாவிக்கில் இருக்கும் நாத்தனார் டாக்ரூனுக்கு அன்றே போன் போட்டு, வரச் சொல்லிவிட்டாள். "டீச்சர் வேலையை விட்டுட்டுப் பொந்துக்குள்ள போறவ" என்று இருபது வருடமாகக் குத்திக்காட்டுகிறவள் டாக்ரூன். அவள் வாயை அடைக்க வேறு நல்ல வாய்ப்பு ஏது?

டிசம்பரில் டாக்ரூன் வந்தாள். முந்தின நாள் நல்ல மழை. குகை வாசலில் சால்வோர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பனியில் காதை வைத்தாள். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம்; அது ஓடும்வரை கூரை எப்போது வேண்டுமானாலும் இடியலாம். எழுந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"இன்னைக்கு உள்ள போகக் கூடாது."

"ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன், சால்வோர்! சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்துடுறேன்."

"கிடையாது."

"மூணு மாசமா பீத்திக்கிட்டது இதுக்குத்தானா?"

"ஆமா, பீத்திக்கிட்டேன். தப்பு என்மேலதான். ரொட்டி சாப்பிடு."

புகை போட்ட ஆட்டுக்கறி வைத்த ரொட்டியை நின்றபடியே தின்றுவிட்டுத் திரும்பினோம்.

குகை இடிந்திருந்தால் சால்வோரின் மானமாவது தப்பியிருக்கும். அது கல்லு மாதிரி நின்றது. ஊரே கேலி செய்தது, நானும்தான். "நின்னா நல்லதுதானே" என்று சிரித்தாள். குளிர் இறுகித் தண்ணீர்ச் சத்தம் அடங்கியதும் தினமும் ஆட்களைக் கூட்டிப்போனாள்.

ஜனவரியில் ஒருநாள், பனியில் புதையாமல் ஏறுவதற்காக நான் டயர் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன். டாக்ரூனின் போன். கையுறையோடு இருந்ததால் சால்வோர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன் பொந்து இன்னும் விழலையாமே?"

"விழலை. ஜோரா இருக்கு."

"என் மகளும் மருமகனும் குகை பார்க்க வர்றாங்க. அங்க வழிகாட்டிங்க நிறைய இருக்காங்களாம்."

"இருக்காங்க." சால்வோரின் குரல் இறங்கிவிட்டது.

"உன்கூட மட்டும்தான் உள்ள போகணும்னு சொல்லியிருக்கேன். நீ திரும்புன்னா திரும்பிடணும்னும் சொல்லியிருக்கேன்."

சால்வோர் போனை என் கையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரிங்கிறா, டாக்ரூன்" என்றேன். "கொஞ்சம் பொறு, மூக்கைச் சிந்திட்டு வரட்டும்."