தாமிரச் செம்பில் வராத வாடை

கருப்பசாமி ஒயின் செய்கிறார் என்றதும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊர்த் தமிழர்கள் யாரும் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவர்; பார்ட்டியில் பீரைக்கூடத் தொடாத மனுஷன். குடிக்கிற ஆசை இல்லை, எப்படிப் புளிக்கிறது என்று பார்க்கிற ஆசை. வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் தள்ளி மலைச்சரிவில் நிலம் வாங்கி, குளிர் தாங்குமென்று ரீஸ்லிங் என்ற ஜெர்மன் திராட்சையை நட்டார். வேலைக்கு அவர், மனைவி புஷ்பவல்லி, மகள் பிரீத்தி.

செய்முறையும் ஜெர்மன் வழிதான். மரப்பீப்பாய் கிடையாது. ஸ்டீல் டேங்கில் குளிரக் குளிர மெதுவாகப் புளிக்கவிட்டு, கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும்போதே இன்னும் குளிர்வித்து நிறுத்திவிடுவது. எப்போது நிறுத்துவது என்பதை அவர் நாக்கு சொல்லும். குழாயைத் திறந்து தாமிரச் செம்பில் பிடிப்பார். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். எச்சில் பட்ட பாத்திரம் டேங்க் பக்கம் வரக்கூடாது என்பது அவர் சட்டம்.

சில அறுவடைகள் கழிந்து, ஒரு வருஷம் வசந்தப் பனி முக்கால்வாசித் துளிரைக் கருக்கிவிட்டது. தேறியது ஒரே டேங்க். அதுவும் கெட்டால் அடுத்த வருஷம் விற்க ஒரு பாட்டில் இருக்காது.

நவம்பரில் புளிப்பதை நிறுத்திய மறுநாள், சாப்பிடக் கூப்பிட வந்த புஷ்பவல்லி டேங்க் அறை வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்.

"என்னங்க, முட்டை அழுகினாப்புல நாறுது?"

"உனக்கு ஒயினுன்னாலே நாத்தம்தான்." செம்பில் பிடித்து ஊற்றிக்கொண்டார். "கற்கண்டாட்டம் இருக்குது!"

பிரீத்தி கிளாஸில் பிடித்து மோந்தாள். "அப்பா, அம்மா இஸ் ரைட். இட்ஸ் ஹாரிபிள்."

"செம்புல மோந்து பாரு."

மோந்தாள். ஒன்றுமில்லை. ஒரே டேங்க், ஒரே குழாய். கருப்பசாமி கிளாஸைக் கழுவி மறுபடி பிடித்தார், நாறியது. அதையே செம்பில் கவிழ்த்து ஒரு நிமிஷம் சுழற்றினார். வாடை போயே போய்விட்டது.

"தாமிரம் தின்னுடுச்சு," என்றார் மெல்ல. முட்டை வாடை கந்தகம். அதைத் தாமிரம் பிடித்துக்கொள்ளும். அவருக்குத் தெரியாததல்ல. தன் செம்பைச் சோதிக்கத்தான் தோன்றியதில்லை.

"அப்ப இத்தனை வருஷமா டேங்க்ல இருந்ததை நீங்க குடிக்கவே இல்லையா?" புஷ்பவல்லிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விற்றதிலும் இந்த வாடை இருந்திருக்குமோ என்று கருப்பசாமி நேரே பாட்டில் அடுக்குக்குப் போனார். பழைய பாட்டில்களை வருஷத்துக்கு ஒன்றாகத் திறந்து, முதல் தடவையாகக் கிளாஸுக்குள் மூக்கை விட்டு மோந்தார். நல்லவேளை, எதிலும் இல்லை.

பரிசோதனைக் கூடத்தில் அளவு கேட்டுவந்து, தாமிர உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக டேங்கில் சேர்த்தார்கள். சில வாரம் கழித்து ஒரு கிளாஸைப் புஷ்பவல்லியிடம் நீட்டினார்.

"ஐயோ, நான் குடிக்க மாட்டேன்."

"குடிக்க யாரு சொன்னா? மூக்கைக் கொண்டா."

மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். "பச்சை ஆப்பிளை நறுக்கினாப்புல இருக்குது. மழையில நனைஞ்ச கல்லு மாதிரியும் ஏதோ…"

"அம்மா, தட்ஸ் ரீஸ்லிங்!" என்றாள் பிரீத்தி.

"பாட்டில்ல ஊத்தலாமா?" என்று கேட்டார் கருப்பசாமி.

"என்னைக் கேக்கறீங்க?"

"வேற யாரைக் கேக்கறது?"

"ஊத்துங்க."

அதற்குப் பிறகு புஷ்பவல்லி உயிரோடு இருந்தது மூன்று அறுவடை. ஒரு வாய் குடித்தறியாதவர் 'ஊத்துங்க' என்ற அந்த ஒரு வார்த்தை சொல்லாமல், மூன்றிலும் ஒரு பாட்டில்கூட மூடப்படவில்லை.